போர்டின் கடைசி வரி

மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில். கொடியில் கிடந்த வெள்ளை வேட்டியில் மறுபடியும் கரித்தூள். பாண்டிச்சேரி போய் வீட்டுக்காரருக்கு வலது கண் ஆபரேஷன் முடித்து, சாயங்காலம் வீடு. கண்ணில் கட்டு. வலி இல்லையாம். நாளைக் காலை திரும்பவும் பாண்டி, கட்டுப் பிரிக்க.

டாக்டர் போன வாரம் சொன்னது: “புரை நல்லா முத்திப்போச்சு. பின்னால நரம்பு எப்படி இருக்குன்னு புரையை எடுத்தாத்தான் தெரியும். பிரஷரும் ஜாஸ்தியா இருக்கு.” என் காதில் ஏறியது முதல் வாக்கியம் மட்டும். புரைதானே, இந்த பிளாக்கில் யாருக்கு இல்லை? எதிர் குவார்ட்டர்ஸ் கமலா அக்கா ஆபரேஷன் முடிந்த மறுநாளே ஊசியில் நூல் கோர்த்தாள். வீடு வீடாக வந்து காட்டினாள்.

செய்யக் கூடாதவை: தலைக்குக் குளிப்பது, குனிவது, கண்ணைக் கசக்குவது, அடுப்பு பக்கம் போவது. கடைசியில் சொன்னதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

வாங்க வேண்டியவை: பஞ்சு, ரவை, முருங்கைக்கீரை (அக்கா உத்தரவு).

“இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ். பளிச்சுனு ஓட்டிட்டு எறங்கிருவேன்” என்றார். நிலக்கரி மைன்ஸில் பக்கெட் வீல் ஆபரேட்டர். மண்ணை வாரும் அந்த ராட்சச சக்கரத்தை விட்டு முன்னாலேயே இறக்கினால் மனுஷன் செத்துவிடுவார்.

மார்ச் 4, புதன்

எழுதவே பிடிக்கவில்லை.

கட்டைப் பிரித்தார்கள். சோதிக்கிற பெண் இடது கண்ணை மூடிவிட்டு, எதிரே ஒரு போர்டை மாட்டி, “மேல இருந்து படிங்கய்யா” என்றாள். ஆபரேஷனுக்கு முன்னால் வலது கண்ணுக்குப் போர்டே தெரிந்ததில்லை, விரலைத்தான் எண்ணச் சொன்னார்கள். இன்றைக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். என் பக்கம் திரும்பி ஒரு சிரிப்பு. பிறகு தடதடவென்று ஆங்கில எழுத்துகள், வரி வரியாக. கடைசி வரி: “ஓ, எல், சி, எஃப், டி.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் போர்டைப் பார்த்தேன். அதில் ஓர் எழுத்துகூட இல்லை. எல்லாம் எண்கள்.

“ஐயா… இது நம்பர் போர்டுங்க.”

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றுவிட்டது. அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். புரை சுத்தமாக எடுத்தாயிற்று, லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறது. கெடுத்தது கண் அழுத்தம். பல வருஷமாக நரம்பைத் தின்றிருக்கிறது. வலது கண்ணில் இனி நிழலாட்டம் மட்டும். “போனது போனதுதாம்மா. இடது கண்ல மிச்சம் இருக்கறதைக் காப்பாத்தத்தான் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். வேலையில வருஷா வருஷம் கண் டெஸ்ட் இருக்குமே, அதுல தெரியலையா?”

இவர் தரையைப் பார்த்தார்.



மார்ச் 5, வியாழன்

புழுக்கம். மாவு புளித்துவிட்டது.

கேட்டேன். கத்தினேன் என்பதுதான் சரி. ஒன்று விடாமல் சொன்னார். கம்பெனியின் வருஷாந்திர மெடிக்கல் டெஸ்டில் ரொம்ப காலமாக ஒரே போர்டாம். ஆபரேட்டர்கள் கேன்டீனில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஒப்பிப்பார்களாம், சீனியர் சொல்ல ஜூனியர் திருப்பிச் சொல்ல. இவர்தான் அதில் வாத்தியார். பாத்ரூமில் ஓ, எல், சி, எஃப், டி என்று முணுமுணுப்பதை வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன். ஏதோ மெஷின் பார்ட்டின் பெயர் என்று இருந்தேன்.

“கண்ணு தெரியாம எப்படி ஓட்டினீங்க?”

“எடது கண்ணு இருக்குல்லா. பெறவு சத்தம். சக்கரம் எதைக் கடிக்குதுன்னு சத்தத்துலயே தெரியும்.”

“கீழ ஆளு நின்னா?”

சொட்டு மருந்துக் குப்பியின் மூடியைத் திருகித் திருகி மூடினார்.

இவர் கண் போச்சே என்று அழுவதா, கீழே நின்றவர்கள் பிழைத்தார்களே என்று மூச்சு விடுவதா? இரண்டும் சேர்ந்து வந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று அம்மா யார் யாரையோ சொல்வாள். என் வீட்டுக்கு இப்படி அச்சாகப் பொருந்தும் என்று நினைக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

கமலா அக்கா வந்தாள். “இப்ப பளிச்சுனு தெரியுமே!”

“தெரியுது தெரியுது” என்றார். வலது பக்கம் நான் நீட்டிய காபியை அவர் கையே தட்டிவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லாமல் துணி எடுத்துத் துடைத்தாள். அது இன்னும் கேவலமாக இருந்தது.

இந்தக் கண் அழுத்தம் குடும்பத்தில் வருமாம், வெளியூரில் இருக்கிற மகளும் கண்ணைக் காட்ட வேண்டுமாம். போனில் சொல்ல வாய் வரவில்லை. மழை இருக்கா, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஷிப்ட் சங்கு ஊதியது. எழுந்தார். உட்கார்ந்தார்.

நம்பிக்கை எதுவும் இல்லை. இடது கண்ணும் ஒருநாள் போகும். எப்போது என்பதுதான் தெரியாது.

மார்ச் 10, செவ்வாய்

தூறல், உடனே நின்றது. துணி காயவில்லை.

வேலு வந்தார். இவர் ஷிப்டில் கூட ஓட்டுகிறவர், குறிஞ்சிப்பாடிக்காரர், நாற்பதைத் தாண்டியவர். கையில் சாத்துக்குடி.

“படுத்துக்கினு இருங்கண்ணே, எழுந்துக்காதீங்க. புரைதானே, பத்து நாள்ல டூட்டிக்கு வந்துடுவீங்க.”

கொஞ்ச நேரம் மைன்ஸ் கதை. பிறகு குரல் இறங்கியது.

“அடுத்த வாரம் எனக்கு மெடிக்கல்ணே. கொஞ்ச நாளா ஓரமெல்லாம் இருட்டிக்கினு வருது, வூட்ல கூடச் சொல்லல. மேல் வரியெல்லாம் மனப்பாடம். அந்தக் கடைசி வரிதான் நிக்க மாட்டேங்குது. நீங்கதான் கரெக்டா சொல்லுவீங்க.”

வேண்டாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவர் ஆரம்பித்துவிட்டார். “நல்லாக் கேட்டுக்கோ. ஓ, டி, எஃப், எல், சி.”

வேலு திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். “நீங்க நல்லா இருக்கணும்ணே” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தெருவைத் தாண்டட்டும் என்று இருந்து கேட்டேன். “மாத்திச் சொல்லிட்டீங்களே. அதுல சி நடுவுல வரும்.”

“தெரிஞ்சுதான் சொன்னேன்.”

“மாட்டிக்குவாரே. மெஷினை விட்டு எறக்கிருவாங்களே.”

“எறக்கட்டும். கண்ணை டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுவாங்க.”

“நேரா இங்க வந்து உங்களைத் திட்டப் போறாரு.”

“வரட்டும். திட்டுறப்ப என் மூஞ்சி அவனுக்குத் தெரியும்லா.”