பின்பாதி ரக்னாவுடையது

அனுப்புநர்:
ஹல்வார்ட் நெஸ்ஹைம்,
படகு இயந்திரப் பணியாளர் (ஓய்வு),
கரைச் சாலை, டெர்னெவோக், நார்வே.

பெறுநர்:
நலவாழ்வுத் துறைத் தலைவர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், டெர்னெவோக்.

பொருள்: என் மனைவி ரக்னாவுக்கு நிறுத்தப்பட்ட பேச்சுப் பயிற்சியை மீண்டும் வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பக்கவாதத்தில் என் மனைவி பேச்சை இழந்தது தாங்கள் அறிந்ததே. தாங்கள் அனுப்பிய பயிற்சியாளர் டூரிட் ஒரு வழி கண்டார். நம் நார்வே மொழியில் பாதிப் பேச்சு, இரண்டு சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக்கித்தானே? அழுத்தம் முன்பாதியில், பின்பாதி தணிந்து விழும். "முன்பாதியை ஓங்கிச் சொல்லி மேசையைத் தட்டுங்க. பின்பாதி அவங்க வேலை, நீங்க வாயைத் திறக்கக் கூடாது" என்றார். வாயை மூடுவது எனக்குப் பழக்கமில்லை, மூடினேன். நான் "காபி" என்று தட்ட, வெகுநேரம் கழித்து அவள் "கோப்பை" என்று மெல்லத் தட்டினாள். அன்று அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

2. பின்னர் மதிப்பீட்டு அலுவலர் வந்தார். கைப்பேசியைப் பார்த்து முன்பாதிச் சொற்களை, எல்லா அசைகளையும் ஒரே அழுத்தத்தில் வாசித்தார். தட்டவில்லை, காத்திருக்கவும் இல்லை. ரக்னா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முன்னேற்றம் இல்லை" என்று எழுதப்பட்டது. டூரிட்டின் வருகை நின்றது.

3. அறிக்கையில் இல்லாதது ஒன்று உண்டு. அலுவலரை வழியனுப்ப எழுந்த நான், பதற்றத்தில், வாசலில் அவர் கழற்றி வைத்திருந்த காலணியை மாட்டிக்கொண்டேன். உள்ளேயிருந்து "ஆட்டுத்தலை!" என்று குரல் வந்தது. கல்யாணமான நாள் முதல், நான் மடத்தனம் செய்யும்போதெல்லாம் கூப்பிட அவள் எனக்கு வைத்திருக்கும் பெயர் அது. முன்பாதி ஓங்கி, பின்பாதி தணிந்து, இரண்டையும் அவளே சொன்னாள். அலுவலரும் சிரித்துவிட்டார். "திட்டு தானா வர்றதுங்க, அதையெல்லாம் கணக்குல சேர்க்க முடியாது" என்று காலணியை வாங்கிக்கொண்டு போனார். ஐயா, தானாக வருவதற்குப் பெயர்தானே பேச்சு?

4. அன்று முதல் காலையில் காலணியை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு அவள் முன் நிற்கிறேன். சிரிக்கிறாள், உதடு அசைகிறது, சொல் வருவதில்லை. "ஆட்டு" என்று முன்பாதியை நானே எடுத்துக் கொடுத்தும் பார்த்தேன்; தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் ருசியில்லை. அவள் குரலுக்கு ஏங்கிப் போய்விட்டேன்.

ஆகவே, டூரிட்டை மீண்டும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என்னைத் திட்ட இந்த ஊரில் வேறு யாரும் இல்லை.

இடம்: டெர்னெவோக்
தேதி: நவம்பர் 14

தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
ஹல்வார்ட் நெஸ்ஹைம்