இரண்டாவது டிராயர்

இன்று காலை வார்டுக்குள் நுழைந்ததுமே ஸ்பிரிட் வாசனையோடு சந்தனமும் பொரிகடலையும் கலந்து மூக்கில் ஏறின. ஆயுத பூஜை! உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, அடக்கி வைக்க முடியவில்லை. ஆனால் அந்த வருட ஆயுத பூஜையிலிருந்து தொடங்கினால்தான் சரியாக வரும்.

நீ அப்போது எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஆறு மாதம். கைலாசபுரத்தில் பாய்லர் தொழிற்சாலையின் பாதுகாப்பு பார்த்துவிட்டு, இங்கே நோயாளிகளின் பாதுகாப்புக்கு அதிகாரியாக வந்திருந்தாய். "பாய்லர் பாக்க வேண்டியவங்க பேஷன்ட் பாக்க வந்துட்டாங்க" என்று சரோஜா சிஸ்டர் உன் காதுபடவே சொல்வார். நானும் சிரித்தவள்தான், ஒத்துக்கொள்கிறேன்.

பூஜைக்காக எமர்ஜென்சி டிராலியை மொத்தமாகக் காலி செய்து, துடைத்து, பொட்டு வைத்தோம். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியான நான்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பூச் சுற்றினேன். மறுநாள் காலை ஒரு பெரியவருக்கு மூச்சு நின்றது. இரண்டாவது டிராயரை இழுத்தேன். மூச்சு கொடுக்கும் பை எப்போதும் அங்கேதான் இருக்கும். அன்று அங்கே பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்தன. மூன்றாவதில் கையுறை. பை நான்காவதில் கிடைத்தது. பெரியவர் பிழைத்துக்கொண்டார், எனக்கு மெமோ வந்தது. ராஜினாமா எழுதிக் கையோடு வைத்துக்கொண்டுதான் விசாரணைக்கு வந்தேன்.

நீ என்ன செய்தாய்! யார் தப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிராலியை மீட்டிங் ஹாலுக்குள்ளேயே தள்ளிக்கொண்டு வந்தாய். "கண்ண மூடிக்கங்க சிஸ்டர். பேஷன்ட்டுக்கு மூச்சு இல்ல. பையை எடுங்க!" என் கை இரண்டாவது டிராயருக்குப் போனது. அடுத்து வந்த நான்கு நர்சுகளின் கையும் அங்கேதான் போனது. கடைசியில் பெரிய டாக்டரையே, "நீங்களும் ஒரு தடவ வாங்க சார்" என்று கூப்பிட்டாய். அவர் கையும் அங்கேயே!

"பாத்தீங்களா? கை மறக்கல சார். சாமான்தான் இடம் மாறிடுச்சு. மெமோ கொடுக்கணும்னா டிராலிக்குக் கொடுங்க."

ஹாலே சிரித்தது. மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். என் கடிதத்தை மாடிப்படியில் நின்று கிழித்தேன்.

அடுத்த வாரமே டிராயர்களுக்குச் சீல் போட்டாய். "பூ வைங்க, பொட்டு வைங்க, உள்ள மட்டும் கை வைக்காதீங்க." அப்புறம் நாம் சிநேகிதிகளாகி, சத்திரம் பேருந்து நிலையத்தில் உன் ஸ்ரீரங்கம் பஸ்களை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் பேசிய சாயங்காலங்கள்! "தப்பு பண்ணவங்க பயப்படாம தானா வந்து சொல்லணும்டி. அன்னிக்குத்தான் நம்ம ஆஸ்பத்திரி பத்திரம்" என்பாய். நடக்கிற கதையைப் பேசு என்பேன் நான். போன ஆடியில் நீ இறந்துபோனாய். உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

கேள், இன்று மத்தியானம் என் கதவைத் தட்டியது யார் தெரியுமா? சரோஜா சிஸ்டர்!

"மேடம், பூஜைக்குத் துடைக்கிறப்ப சீலை நான்தான் உடைச்சேன். மேல ரெண்டு டிராயரையும் மாத்திச் சொருகிட்டேன். இப்பதான் பாத்து சரி பண்ணினேன். யாருக்கும் தெரியாது. இருந்தாலும் ஃபாரத்துல எழுதிக்கங்க."

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. உன்னைக் கூப்பிடப் போனைக்கூட எடுத்துவிட்டேன். "என்ன மேடம், கண்ணு கலங்குது?" என்றார்.

அப்போதுதான், உன்னிடமும் சொல்லாததை அவரிடம் சொன்னேன். அந்த வருடம் டிராயர்களை மாற்றி அடுக்கியது நான்தான். சின்னச் சாமான் மேலே, பெரிய சாமான் கீழே இருந்தால் லட்சணமாக இருக்குமே என்று. விசாரணையில் பெரிய டாக்டர் கேட்டதற்கு "யாரு வெச்சாங்கன்னு தெரியல" என்றேன். ஹால் சிரித்தபோது உள்ளுக்குள் கூனிக் குறுகினேன். நீ சொன்னது எவ்வளவு நிஜம், பார்: மாற்றி வைத்தவளின் கையே பழைய இடத்துக்குத்தான் போனது. அத்தனை பஸ்களை விட்டோமே, ஒரு நாளாவது நான் இதைச் சொல்லியிருக்கலாம். இந்தப் பாரம் இன்னும் இறங்கவில்லை.

சரோஜா சிஸ்டர் அதிரவே இல்லை. "இன்னொரு ஃபாரம் இருக்கா மேடம்? நீங்களும் எழுதிடுங்க" என்றார்.

எழுதினேன். "யாரிடம் தெரிவிக்கப்பட்டது" என்ற கட்டத்தில் உன் பெயரை எழுதினேன்.