பதினொரு பேர் நின்ற மூலை

ஜனவரி 7

பனி.

பனி என்று எழுதிவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியேயும் பனி. எழுபத்திரண்டு வயதில் இது எனக்குப் பெரிய வேடிக்கையாக இருக்கிறது.

நூலகத்தில் எழுதப் படிக்கச் சொல்லித்தரும் வகுப்பு முடிந்து வரும்போது வீட்டு வாசல்களில் நட்டிருந்த தேர்தல் பலகைகளை எல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். முக்கால்வாசி கவர்னர் ப்ரிக்ஸ். எங்கள் வாசலிலும் அவர்தான். என் மனைவி ஆர்டிஸ் நட்டது. அதற்குப் பக்கத்திலேயே செனட்டர் ஹாலோரன் பலகையை நான் நட்டேன். இருவரும் எங்கள் கட்சிதான்; ஜனாதிபதி தேர்தலுக்கு யாரை நிறுத்துவது என்றுதான் போட்டி. ஆர்டிஸ் கதவைத் திறந்து, "சாஞ்சிருக்கு பாரு, நேரா நடு" என்றாள். நாற்பத்தாறு வருடக் குடித்தனம்.

ஜனவரி 12

மகள் ஜோலீன் வந்திருந்தாள். கடையில் அவளுடைய வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்களாம். சர்க்கரைக்குப் போடும் ஊசிமருந்தை அளவைக் குறைத்து, இழுத்து இழுத்துப் போடுகிறாள். என்னிடம் சொல்லவில்லை. அவள் முகமே சொன்னது.

ஹாலோரன், யாராக இருந்தாலும் மருந்து இலவசம் என்கிறார். அதனால் நான் அவர் பக்கம். ப்ரிக்ஸ், இப்போது இருக்கும் காப்பீட்டைக் காப்பாற்றுவேன் என்கிறார். இப்போதைய ஜனாதிபதியோ அதையும் ஒழிப்பேன் என்று நிற்கிறார்.

"மொதல்ல அந்த ஆள ஜெயிக்கணும் டெல்மர். உன் செனட்டர் நல்லவதான். தோத்துட்டா நல்லவள வச்சு என்ன பண்றது? ஜோலீனுக்கு இருக்கறதும் போயிடும்" என்றாள் ஆர்டிஸ்.

எங்கள் இருவருக்கும் ஒரே மகள். அவளுக்காகத்தான் எதிரெதிரே நிற்கிறோம்.

ஜனவரி 19

பெட்ரோல் பங்க் காபி மேசையில் வெர்லின். பன்றிக்கறி ஆலையில் முப்பது வருடம் எனக்குப் பக்கத்தில் நின்று கத்தி பிடித்தவன்.

"எனக்கும் அந்தம்மாவத்தான்யா புடிக்கும். பேசறது ஒவ்வொண்ணும் நியாயம்."

"அப்போ எங்களோட வந்து நில்லேன்."

"நான் நிப்பேன். மத்தவங்க ஓட்டுப் போட மாட்டாங்களே."

"மத்தவங்கன்னா யாரு?"

"ஆலையில வேல பாத்துக் கெழடு தட்டுனவனுங்க. ஒரு பொம்பளைக்குப் போடுவானுங்களா?"

"நான் ஆலையில வேல பாக்கலியா?"

"உன்ன விடுய்யா, நீ கணக்குல வர மாட்ட."

"நீ?"

"நானும் அங்கதான் இருந்தேன். அதான் சொல்றேன், அவனுங்கள எனக்குத் தெரியும்!"

காபி ஆறிப்போயிற்று.

ஜனவரி 25

ஹாலோரன் ஆட்கள் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சிக் கூட்டத்தன்று இரண்டு நிமிடம் அவருக்காகப் பேச வேண்டுமாம். எழுதிப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. எழுதி! படித்து!

ஜனவரி 29

எழுதிய பேச்சில், ஒரே பக்கத்தில் ‘மருந்து’ ஆறு தடவை வந்திருக்கிறது. அடிக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி 4

நேற்று மாலை கூட்டம். இந்த மாநிலத்தில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கச் சீட்டுப் போடுவதில்லை. பள்ளிக்கூட ஜிம்மில் அவரவர் ஆளின் மூலையில் போய் எல்லோரும் பார்க்க நிற்க வேண்டும். ஒரு மூலையில் பதின்மூன்று பேராவது இல்லாவிட்டால் அந்த மூலை செல்லாது. கலைந்து வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நாங்கள் பதினொரு பேர். எதிரே ப்ரிக்ஸ் மூலையில் பாதி ஊர். ஆர்டிஸ், வெர்லின், "செனட்டர்தான் சரியான ஆளு" என்று என் காதில் சொன்ன எத்தனையோ பேர்.

இரண்டே பேர் போதும்.

காகிதத்தை விரித்தேன். வார்த்தைக்கு வார்த்தை விரலை வைத்துப் படித்தேன். ஜோலீனைக் கேட்டுக்கொண்டுதான் அவளைப் பற்றி எழுதியிருந்தேன். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். மறுபடி தொடங்கி முடித்தேன்.

ஜிம்மே எழுந்து நின்று தட்டியது. "டெல்மர் படிக்கிறான்யா!" என்று வெர்லின் கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர். தபாலாபீஸ் விவியன் ஓடி வந்து எலுமிச்சை கேக் துண்டைக் கையில் திணித்தாள்.

"என்னமா படிச்சீங்க டெல்மர்! உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு!"

"என்ன படிச்சேன்னு கேட்டியாம்மா?"

"கேட்டேனே, ஒரு தப்புகூட இல்ல!"

சொல்லிவிட்டு ப்ரிக்ஸ் மூலைக்கே திரும்பிப் போனாள். வேறு யாரும் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. நான் படித்ததற்குத் தட்டினார்கள். படித்த விஷயம் தரையில் கிடந்தது.

மூலை கலைந்தது. எங்களில் நாலு பேர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கும் போகத்தான் கால் இழுத்தது. ஆர்டிஸ் நடு ஜிம்மைத் தாண்டி வந்தாள்.

"கோவத்துல வீட்டுக்குப் போயிடாத. ஜோலீனுக்காக வந்து நில்லு."

போய் நின்றேன். அதற்கும் தட்டினார்கள். அந்தக் கைதட்டல் — அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பிப்ரவரி 5

"நான் படிச்சதுல எது தப்பு?" என்று ஆர்டிஸிடம் கேட்டேன்.

"ஒண்ணும் தப்பில்ல. எல்லாம் சரி. அதான் கஷ்டம்."

எல்லோருக்கும் ஹாலோரனைப் பிடித்திருக்கிறது. எல்லோரும் வேறு யாருக்கோ பிடிக்காது என்று பயப்படுகிறார்கள். யார் அந்த ஆள்? எந்தத் தெருவில் இருக்கிறான்? ஒருநாள் அவன் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 9

ஹாலோரன் விலகிவிட்டார். பலகையைப் பிடுங்கிக் கொட்டகையில் வைத்தேன்.

நவம்பர் 4

நேற்று ஜனாதிபதி தேர்தல். ஓட்டுச்சீட்டை முதல்முறையாக நானே படித்தேன். மேலிருந்து கீழே வரை; இங்கே நீதிபதிகளுக்கும் ஓட்டு உண்டு, அவர்கள் பெயரைக்கூட விடவில்லை. பின்னால் வரிசை நீண்டது. நீளட்டும். ப்ரிக்ஸ் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தைக் கறுப்பாக்கினேன். ஓரம் தாண்டவில்லை.

ப்ரிக்ஸ் தோற்றுவிட்டார். நெருக்கத்தில்கூட வரவில்லை.

காபி மேசையில் வெர்லின்: "ரொம்ப ஓரமாப் போயிட்டோம்யா. அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் நடுவுல நிக்கிற ஆளாப் பாக்கணும்."

எழுந்து வந்துவிட்டேன்.

ஹாலோரன் நின்றிருந்தால் ஜெயித்திருப்பாரா? தெரியாது. அவரும் தோற்றிருக்கலாம். ஆனால் நாம் விரும்பியதைக் கேட்டுத் தோற்றிருப்போம். இப்போது கேட்காமலே தோற்றோம்.

ஆர்டிஸ் நாள் முழுக்கச் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

மே 16

ஜனாதிபதியின் புதுச் சட்டத்தில் ஜோலீனின் காப்பீடு போய்விட்டது. வாடகையும் மருந்தும் சேர்ந்து கட்டுப்படியாகாது என்று வீட்டைக் காலி செய்துவிட்டு, இன்று எங்கள் பின்னறைக்கு வந்துவிட்டாள்.

ஆர்டிஸ் ஃப்ரிட்ஜில் வெண்ணெயை நகர்த்தி ஊசிமருந்துக்கு இடம் செய்தாள். யார் சொன்னது சரி என்று அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. டப்பாவில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன்: குளிரில் வைக்கவும், உறைய விடக் கூடாது.

"தெரியும்ப்பா. இருவது வருஷமா போடுறேன்."

"படிக்கட்டும், விடு" என்றாள் ஆர்டிஸ்.