அவகாடோ நிழலில் மிளகாய்ச் செம்பருத்தி

அக்டோபர் 9

மரத்தடிச் செடி பூத்துவிட்டது. அவகாடோ நிழலில் ஒன்றும் வராது என்று தெருவே சொன்னது. வந்திருக்கிறது.

பக்கத்து வீட்டு ரமிரோ வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன பெரியவரே, உங்க பூ இன்னும் வாயே தொறக்கல? உங்கள மாதிரியே வீம்பு போல" என்றான். மிளகாய்ச் செம்பருத்தி திறக்காது. சுருண்டபடியேதான் இருக்கும். மடையனுக்கு எத்தனை முறை சொல்வது? அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் ரீங்காரச் சிட்டின் அலகுக்கு அந்த இதழிடுக்கு போதும். இன்று சிட்டுகள் வந்தன. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளும்.

மகன் லாசரோ போன் செய்யவில்லை.

அக்டோபர் 17

லாசரோவோடு வேலை தேடி எல்லை தாண்டி வடக்கே கிளம்பிய கூட்டாளி தனியாகத் திரும்பிவிட்டான். எல்லை ஆற்றங்கரையில் பிரிந்துபோனார்களாம். அதற்குமேல் தெரியாதாம். மருமகள் ஒத்திலியா அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். வேறென்ன செய்வேன்?

அக்டோபர் 26

ஒத்திலியா சந்தையில் தாயத்து விற்பவளிடம் கேட்டு வந்திருக்கிறாள். செத்த சிட்டைக் காயவைத்து, சிவப்பு நூல் சுற்றி, போனவனின் சட்டைத் துணியில் முடிந்துவைத்தால் அவன் திரும்பி வருவானாம்.

"சந்தையில விக்கிறது எந்த ஊர்க் குருவியோ, மாமா. நம்ம தோட்டத்துக் குருவின்னா அவருக்கு வீட்டு வழி தெரியும்."

"என் செடியில கை வச்சேன்னா இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது நீ."

"உங்க பிள்ளைய விட அந்தக் குருவி பெருசா?"

நான் எழுந்து செடியடிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 2

இறந்தோர் நாள். சாமந்தி, ரொட்டி, என் மனைவியின் படம். ரமிரோவின் பெண்டாட்டி மெதுவாக, "லாசரோவுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திடலாமேக்கா" என்றாள் ஒத்திலியாவிடம். நான் அவளை வெளியே போகச் சொன்னேன். ஒத்திலியா அவள் கொண்டுவந்த பலகாரத்தையும் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இந்த ஒன்றில் மட்டும் நாங்கள் ஒரே கட்சி.

நவம்பர் 11

செடியைச் சுற்றிக் கொசுவலை. பூ முழுவதும் உள்ளே, ஒரு பக்கம் மட்டும் திறந்து — பொறி! அரிவாளால் கிழித்தெறிந்தேன். ஒத்திலியா அடுப்பங்கரை வாசலில் நின்று பார்த்தாள். அதன்பிறகு சோளரொட்டி என் தட்டில் தொப்பென்று விழுகிறது.

நவம்பர் 19

போன் இல்லை. நாற்காலியைச் செடியடியில் போட்டுக் காவல் இருக்கிறேன். வந்து குடித்துவிட்டுப் போகும் குருவிக்குக் காவல் இருக்கிறேன். பெற்ற பிள்ளை எந்த மண்ணில் கிடக்கிறான் என்று தெரியவில்லை. இது என்ன காவல்?

டிசம்பர் 3

நேற்று முழுக்க வடகாற்றும் குளிர்மழையும். காலையில் போனால், கிளையில் ஒரு சிட்டு, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. தொட்டேன். கல்லைப் போல் சில்லென்று இருந்தது.

கொல்லவில்லை. நான் கொல்லவில்லையே. தானாகச் செத்ததுதானே.

உள்ளே கொண்டுவந்தேன். என் மனைவியின் தையல் பெட்டியில் சிவப்பு நூல் இருந்தது. லாசரோவின் பழைய சட்டையில் கொஞ்சம் கிழித்தேன். நூலைச் சுற்ற வரவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. ஒத்திலியா வந்து நின்றாள். நூல் முனையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது உள்ளங்கையில் ஏதோ துடித்தது.

குளிரில் விறைத்துப்போய்த் தூங்கியிருக்கிறது, அவ்வளவுதான். எனக்குத் தெரியாததா? எத்தனை குளிர்காலம் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அது கண்ணைத் திறந்தபோது எனக்கு முதலில் தோன்றியது — ஏன் முழித்தாய், சனியனே. என் விரல்கள் மூடத் தொடங்கின.

"மாமா, விடுங்க. மாமா!"

ஒத்திலியாதான் என் விரல்களைப் பிரித்தாள். நூலை அவிழ்த்தாள். கரண்டியில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். ஜன்னலையும் அவள்தான் திறந்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து, "போயிடுச்சு மாமா, போயிடுச்சு" என்று அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 8

போன் இல்லை. செடிக்கு இன்று ஒத்திலியா தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். நூற்கண்டு இன்னும் சாப்பாட்டு மேஜையிலேயே கிடக்கிறது. இருவரும் அதை ஒதுக்காமல் பக்கத்தில் தட்டை வைத்துச் சாப்பிடுகிறோம்.