யாரும் தூக்க முடியாத தொட்டி

மார்ச் 3
அக்கா மகள் என் வீட்டிலிருந்து தனி வீடு போய் ஒரு யுகமாகிறது. காலண்டர் மூன்று மாதம் என்கிறது. காலண்டருக்கு என்ன தெரியும்? அவளுடையதென்று இங்கே மிச்சம் பால்கனியில் தொங்கும் மணிச்செடி மட்டும். பச்சைப் பட்டாணியைக் கோத்துவிட்டதுபோல் சரம் சரமாய்த் தரைவரை இறங்கியிருக்கிறது. லாரியில் உதிருமென்று விட்டுப்போனாள். இன்று போன்: "ஞாயித்துக்கிழமை கார்ல வந்து எடுத்துக்கறேன் மாமா."
எடுத்துக்கொண்டுபோன பிறகு? எதற்கு வருவாள்?

மார்ச் 5
சின்னத் தொட்டி என்பதால்தானே தூக்கிப்போவாள்? நர்சரியில் இருப்பதிலேயே பெரிய சிமென்ட் தொட்டியைக் கேட்டேன். யானை குடும்பத்தோடு குளிக்கலாம்.
"மணிச்செடிக்கா? இவ்ளோ பெருசுல ஈரம் காயாது சார், வேரு அழுகிடும்" என்றார் நர்சரிக்காரர்.
"எங்க வீட்டுச் செடி வேற ரகம்யா."

மார்ச் 6
இடமாற்று வைபவம் இனிதே முடிந்தது. சரங்களைத் துண்டில் சுருட்டி, இளவரசியின் கூந்தலைப்போல் ஏந்தி இறக்கினேன். மண் நிரப்பி ஒரு சமுத்திரத்தை ஊற்றினேன். இனி பத்துப் பயில்வான்கள் வந்தாலும் அசையாது. வேண்டுமென்றால் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் – வாராவாரம்.

மார்ச் 8
வரவில்லை. ஆபீஸில் வேலையாம்.

மார்ச் 13
மணிகள் வெளுத்துக் கண்ணாடியாகின்றன. தொட்டால் கூழ். என்னை நானே திட்டிக்கொண்டேன்: ஏண்டா, அவ வரணும்னா வாயத் திறந்து 'வாம்மா'ன்னு கூப்பிட வேண்டியதுதானே? ஊரே அதிர்ற மாதிரி பேசுவியே, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் என்ன கேடு?

மார்ச் 15
வந்தாள்.
"என்ன மாமா, கிணறு வெட்டி வெச்சிருக்கீங்க!" சிரித்துக்கொண்டே மண்ணில் விரலை விட்டாள். சிரிப்பு நின்றது. "அழுகிடுச்சே."
"உக்காரு, காபி போடறேன்."
"கீழ வண்டி நிக்குது மாமா."
நன்றாக இருந்த ஒரே ஒரு சரத்தின் நுனியை நகத்தால் கிள்ளினாள். டிஷ்யூவில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.
"இது போதும். மண்ணு மேல படுக்க வெச்சா தானா வேர் விட்டுடும்."
அவள் போகாமலிருக்க நான் மலையையே கொண்டுவந்து வாசலை அடைத்திருந்தேன். அவள் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படியிறங்கினாள்.

மே 2
போட்டோ அனுப்பியிருக்கிறாள். அவள் வீட்டு ஜன்னலில் உள்ளங்கையளவுத் தொட்டி, இரண்டு புதுத் துளிர். கீழே ஒரு வரி: "பிழைச்சுக்கிச்சு மாமா."
பதிலுக்கு ஒரு மேடைப்பேச்சே எழுதினேன். அழித்தேன். 'பார்க்க வரட்டுமா' என்று எழுதினேன். அதையும் அழித்தேன்.
'சந்தோஷம்' என்று அனுப்பினேன்.