மேசையை எப்போது போடுவது, அண்ணே?

என் அந்தோணி அண்ணனுக்கு, உன் தங்கை தெரேசு நிறைய ஆசையோடும் இன்னும் முடியாத ஒரு வாக்குவாதத்தோடும் எழுதுவது.

நீ போன கோடை முடிந்து மழைக்காலமும் முடியப் போகிறது. கல்லறைத் திருநாளுக்குப் பூ வைக்க வந்தபோதே இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். கூட்டமாக இருந்தது. அண்ணியும் பக்கத்தில் நின்று விசும்பிக்கொண்டிருந்தாள். அதனால்தான் எழுதுகிறேன். ஊரார் படித்தால் படிக்கட்டும். நாம் இரண்டு பேரும் எப்போது மெதுவாகப் பேசியிருக்கிறோம்?

ரொட்டிக் கடை அதே இடத்தில்தான் இருக்கிறது. பெரிய மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் இப்போதும் நம் வாசலில் நின்று மோப்பம் பிடித்துவிட்டுத்தான் போகிறார்கள். ஆனால் காலை வியாபாரம் ஓய்ந்ததும் பத்திரிகையை விரித்து, "தெரேசு, இன்னிக்கு உன் சீனாக்காரன் எவ்ளோ தூரம் பின்னாடி போயிருக்கான் பாரு" என்று கூப்பிட ஆளில்லை. அந்த நேரத்தில் கடை எனக்கு மிகவும் பெரியதாகத் தெரிகிறது.

எத்தனை காலை அப்படிப் போயிற்று! ஜப்பான் சீனாவுக்குள் புகுந்த செய்தி வந்த அன்று ஆரம்பித்தது. "உக்காந்து பேசி முடிச்சிக்கணும்" என்றாய் நீ. "முடியாது, அடிச்சுத் துரத்தணும்" என்றேன் நான். உனக்குச் சண்டை தெரியும், போன மகாயுத்தத்தில் பிரான்சு தேசத்துப் பனியில் துப்பாக்கி பிடித்தவன். எனக்குச் சீனாக்காரர்களைத் தெரியும், சைகோனில் அவர்களோடு வாழ்ந்தவள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மீன்கார அஞ்சலை கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அது எங்கியோ நடக்கற சண்ட. அதுக்கு நீங்க ரெண்டு பேரும் ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?" என்று கேட்பாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ அவளிடமே தீர்ப்புக் கேட்பாய். அவள், "மொதல்ல எனக்கு ரொட்டி குடு" என்பாள்.

எனக்கு அது எங்கேயோ நடக்கிற சண்டை இல்லை என்று உனக்கு மட்டும் தெரியும். என் வீட்டுக்காரர் சைகோனில் சுங்க அலுவலகத்தில் இருந்தவரை, எங்களுக்கு ஒரு சுவர் தள்ளி இருந்தவள் மெய். சீனத் துணிக்கடைக்காரன் மனைவி. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. அந்த ஊர்ப் பாஷையில் இருவருக்கும் தெரிந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டே அத்தனை வருடமும் பேசினோம். என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனபோது, உறவென்று ஒருவரும் இல்லாத அந்த ஊரில், என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டவள் அவள்தான். சீனாவில் அவளுடைய தாய்வீடு இருந்த ஊர்மேல் ஜப்பான் விமானம் குண்டு போட்டது. கப்பலில் வந்த நம்மூர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. மெய் தன் கையில் கிடந்த வளையல்களைக் கழற்றி யுத்த நிதிக்குக் கொடுத்துவிட்டாளாம். கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டவை அவை. குளிக்கும்போதுகூடக் கழற்றியவள் இல்லை. அப்புறம் நான் எப்படி அண்ணே சமாதானம் பேசுவேன்?

நம்மூர் வாசகசாலைக் கூட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். சீனாவில் காண்டன் பட்டணம் ஜப்பான் கையில் விழுந்துவிட்டது என்று செய்தி வந்த சமயம். 'சீனா சமாதானம் பேசுவதா, சண்டையைத் தொடர்வதா' என்று விவாதம் வைத்தார்கள். சமாதானத்தின் பக்கம் நீ. எதிர்ப்பக்கம் பேச வேண்டிய வக்கீல் வழக்கு விஷயமாகக் காரைக்கால் போனவர் திரும்பவில்லை. கூட்டத்தைத் தள்ளிவைக்கலாமா என்று காரியதரிசி கையைப் பிசைந்தார். நீ எழுந்தாய்.

"எதுத்துப் பேச ஆள் தேட வேணாம். என் வூட்லயே இருக்கு. தெனம் ரொட்டிக் கடையில என் மானத்த வாங்குது. அதோ உக்காந்திருக்கு பாருங்க" என்று சுவரோரம் பெண்களுக்குப் போட்டிருந்த பெஞ்சைக் காட்டினாய்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெஞ்சில் இருந்து அதுவரை யாரும் எழுந்து பேசியதில்லை. அண்ணி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னை எழுப்பிவிட்டது.

என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகமில்லை. மெய்யைப் பற்றிச் சொன்னேன். பிறகு கடையில் உன்னிடம் பேசுவதுபோலவே பேசிவிட்டேன்: "பக்கத்து வூட்டுக்காரன் செவுரு ஏறிக் குதிச்சு நம்ம சமையக்கட்டுல வந்து உக்காந்துகிட்டான். உக்காந்துகிட்டு, வா, பேசலாம்ங்கறான். என்னத்தப் பேசறது? எந்த ரூமு ஒனக்கு, எந்த ரூமு எனக்குன்னா? மொதல்ல எழுந்து வெளிய போகட்டும். அப்புறம் தெருவுல நின்னு பேசலாம்." கை தட்டினார்கள். எல்லோரையும்விட அதிக நேரம் தட்டியது நீதான்.

பிறகு உன் முறை வந்தது. நீ உலக விஷயம் ஏதாவது பேசுவாய் என்று நினைத்தேன். நீ மூலக்குளத்து மதலைமுத்துவைப் பற்றிப் பேசினாய்.

உன்னோடு ஒரே கப்பலில் பட்டாளத்துக்குப் போனவர். நெல்லு வயலைத் தவிர வேறெதுவும் பார்க்காதவர், கடைசி வரை உன்கூடவே இருந்தவர் என்றாய். சண்டை நிறுத்தத்துக்குக் கையெழுத்தாகிவிட்டது என்று அன்று விடிந்ததுமே உங்களுக்குச் செய்தி வந்துவிட்டது. ஆனால் பகலில்தான் அமலுக்கு வரும். அதுவரைக்கும் இரண்டு பக்கமும் பீரங்கி ஓயவில்லை. மதலைமுத்து பெல்ட்டைத் தளர்த்திவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்து, ஊரில் இந்நேரம் நடவு முடிந்திருக்குமா என்று உன்னிடம் கேட்டிருக்கிறார். நீ பதில் சொல்வதற்குள் குண்டு விழுந்தது.

"அவன எந்தச் சண்டைக்குப் பறிகுடுத்தோம்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியல. முடிஞ்சுபோன சண்டைக்கு" என்றாய். "இந்தச் சீனாச் சண்டையும் ஒரு மேசையிலதான் முடியப் போவுது. எல்லாச் சண்டையும் அங்கதான் முடியுது. அந்த மேசைய எப்பப் போடறதுங்கறதுதான் கேள்வி. இன்னிக்கே போட்டா, நாளைக்கிச் சாவப் போறவன் வூட்டுக்குப் போவான். என் தங்கச்சி சொல்றது நியாயம். ஆனா அவ நியாயத்துக்கும் ஒரு மதலைமுத்து சாவ வேண்டியிருக்கும்."

கை தூக்கச் சொன்னபோது என் பக்கம்தான் அதிகம் கை எழுந்தது. ஜெயித்த மாதிரியே எனக்கு இல்லை.

அண்ணியைப் புஷ்புஷ் வண்டியில் ஏற்றி, தள்ளுகிறவனிடம் மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, நாம் இருவரும் கடற்கரை வழியாக நடந்தோம். நீ வேர்க்கடலை வாங்கித் தந்தாய். "மதலைமுத்துவப் பத்தி இத்தினி வருசமா ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா, அப்புறம் நான் யாரோட சண்ட போடறது?"

கொஞ்ச தூரம் போய் நீயாகவே நின்றாய். "சமையக்கட்டுல உக்காந்துகிட்டவன என்ன பண்றதுன்னு கேட்ட பாரு. அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல தெரேசு. யோசிச்சிகிட்டே இருக்கேன்" என்றாய். அந்த யோசனை எங்கே போய் நின்றது என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டது. அடுப்பருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ உட்கார்ந்த காலையில், அது கேட்கிற நேரமா?

இனி நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

யுத்தம் இப்போது நம் வாசலுக்கே வந்துவிட்டது அண்ணே. பிரான்சும் அதன் பக்கத்து தேசமும் மறுபடி மோதிக்கொண்டுவிட்டன. நீ சண்டை போட்ட அதே ஜெர்மனிதான். நம்மூரிலும் பட்டாளத்துக்குப் பெயர் கொடுக்கிறார்கள். உன் மகன் லூயி ஒருநாள் மாவு படிந்த சட்டையோடு போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

அண்ணி என்னிடம் ஓடிவந்தாள். "நீ சொன்னாத்தான் கேப்பான். போவாதடான்னு ஒரு வார்த்த சொல்லு தெரேசு. அவங்கப்பா பொழைச்சு வந்தாரு. எல்லாருக்கும் அப்படியா எழுதியிருக்கு?"

அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா?

"நீங்கதானே அத்தை அன்னிக்குப் பேசினீங்க? சமையக்கட்டுல வந்து உக்காந்தவன்கிட்ட என்ன பேச்சுன்னு. ஊரே சொல்லிச்சு. நான் அன்னிக்கி அடுப்பு பாத்துகிட்டு இருந்தேன், வர முடியல. ஆனா அது எனக்கு அப்படியே மனப்பாடம்."

உன் பேச்சு அவனுக்கு மனப்பாடம் இல்லை. அதை யாரும் அவனிடம் சொல்லவே இல்லை. என் வாக்கியத்தை ஊர் எடுத்துக்கொண்டது, மதலைமுத்துவை விட்டுவிட்டது. லூயியை உட்கார வைத்து, நீ சொன்ன அதே மாதிரி, பெல்ட்டைத் தளர்த்தியது முதல் எல்லாம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"அப்பா இருந்தா போவாதேன்னு சொல்லியிருப்பாரா?"

"தெரியலடா" என்றேன். தெரியாததைத் தெரியாது என்றுதானே சொல்ல முடியும்? "போவாதன்னு நான் சொல்லல. ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டுப் போவாதன்னுதான் சொல்றேன்."

இரண்டு நாள் அவன் அடுப்பு வேலையிலேயே கிடந்தான். பிறகு, "போறேன் அத்தை. ஆனா கத்திகிட்டுப் போவ மாட்டேன்" என்றான். அப்படியே போனான். கடல்பாலத்தில் இருந்து, கப்பலுக்குப் போகும் படகில் ஏறும்போது மற்றப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். இவன் அம்மாவைப் பார்த்துக் கையை மட்டும் ஆட்டினான். உன் மகன் என்று அப்போது தெரிந்தது.

அதற்குச் சில நாள் முன்னதாகத்தான், போலந்தைப் பிடித்த எதிரி இப்போது சமாதானம் பேசலாம் என்று கூப்பிடுவதாகப் பத்திரிகையில் வந்திருந்தது. வாசகசாலைக் காரியதரிசியிடம் போய், மறுபடி விவாதம் வையுங்கள், இந்த முறை என் அண்ணன் பக்கம் நான் பேசுகிறேன் என்றேன். அவர் ஜன்னலைச் சாத்தினார். "நேரம் சரியில்லம்மா. இப்ப சமாதானம்னு யாரும் வாயத் தொறக்கக்கூடாது. சண்டைய ஆதரிச்சுப் பேசறதுன்னா இப்பவே மேடை போடறேன்" என்றார். ஒரே பக்கம் மட்டும் பேசுவதற்கு விவாதம் எதற்கு? திரும்பி வந்துவிட்டேன்.

கப்பல் போன அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்தவர்களை நம் கடையின் பின்கட்டில் உட்கார வைத்தேன். பத்துப் பதினைந்து பேர் இருக்கும். அஞ்சலையும் கூடையோடு வந்தாள். பயம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். காரைக்காலில் சிக்கிக்கொண்டாரே, அந்த வக்கீல், சண்டையைத் தொடரத்தான் வேண்டும் என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார். நான் உன் பக்கம் பேசினேன். உன் அளவுக்கு வரவில்லை. நடுவில் நானே என்னை எதிர்த்து இரண்டு இடத்தில் பேசிவிட்டேன், எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது அண்ணி எழுந்தாள். நம் சண்டைகளில் ஒரு நாளாவது வாய் திறந்தவளா? மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"என் புள்ள போயிட்டான். இப்பச் சண்டைய நிறுத்துன்னா, அப்ப அவன் எதுக்குப் போனான்? நிறுத்தாதன்னா, அவன் எப்ப வருவான்? படிச்சவங்க நீங்க, ரெண்டுல ஒண்ணுக்காவது பதில் சொல்லுங்க."

அஞ்சலை எழுந்து வந்து அண்ணியின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். கடற்கரையில் பதில் இல்லாமல் நீ நின்றாயே, அந்த இடத்துக்கு அண்ணி தானாகவே வந்து சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். உனக்கு அங்கே ஏதாவது பதில் கிடைத்திருக்கிறதா அண்ணே?

எனக்கு இன்னும் உன் கட்சி முழுதாகச் சம்மதமில்லை. மெய் கொடுத்த வளையல் வீண் என்று என் வாயால் சொல்ல வராது. ஆனாலும் ஒன்று சத்தியமாகச் சொல்கிறேன். நம் பின்கட்டில் ஞாயிறுதோறும் இந்தப் பேச்சு நடக்கும். யார் முறைத்தாலும் நடக்கும். அங்கே உன் பக்கத்து நாற்காலி காலியாக இருக்காது. நம்பாத இடத்தில்கூட, உன் வார்த்தையைக் குறைக்காமல் நான் சொல்வேன். லூயி திரும்பி வரும்போது அவனும் உட்கார்ந்து, தனக்குத் தோன்றும் பக்கத்தைத் தானே பேசட்டும். அதுவரைக்கும் அண்ணியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பக்கம் பேசவும் உன்னை எதிர்த்துப் பேசவும் மிஞ்சியிருக்கிற ஒரே தங்கை,
தெரேசு
புதுச்சேரி