அடியில் ஒட்டிய தோல்

ஞாயிறு, இரவு

என் கார் ஸ்பீக்கர்களுக்குக் கம்மி விலையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் தேடிக்கொண்டிருந்தேன். "கடைக்குப் போய் ஏமாறாத. புது பீசு, உனக்குன்னு சொல்லி வாங்கினேன்" என்றான் என் தோஸ்த் சேகர். சீட்டுக்கு அடியில் அவனே மாட்டியும் கொடுத்தான்.

இன்று சத்தம் கரகரத்தது. கழற்றித் திருப்பினேன். அடியில் பழுப்புத் தோல் துண்டு. போன வருஷம் அவன் காரில் ஆம்ப்ளிஃபயர் அதிராமல் இருக்க, எங்கள் ஷூ கம்பெனியின் கழிவுத் தோலை நான்தான் வெட்டி ஒட்டிக்கொடுத்தேன். மேலே பளபளவென்று துடைத்தவன் அடியை மறந்துவிட்டான்.

போன் செய்தேன்.

"பாட்டு எப்படிடா கீது?" என்றான்.

"தோலு இன்னும் கெட்டியா ஒட்டினு கீதுடா" என்றேன்.